இருட்டு போடும் வேலை

பாகூர்ப் பக்கத்து நர்சரி ஒன்றில் நான் வேலை பழகச் சேர்ந்தபோது, முதலில் என் கையில் வந்தது பூவாளியும் இல்லை, கத்தரிக்கோலும் இல்லை. ஒரு கறுப்புத் துணி. சாயங்காலம் ஆறு மணிக்குள் கிறிஸ்துமஸ் கள்ளிச் செடிகள் இருக்கும் மேடையை அந்தத் துணியால் மூட வேண்டும், காலையில் எட்டு மணிக்கு விலக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் இதற்கு ‘இருட்டு போடுறது’ என்று பெயர். தினமும், ஞாயிறு உட்பட.

தோட்டத்தை நடத்துபவரை ஊர்முறையில் பெரியப்பா என்று கூப்பிடுகிறேன். 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய புதுச்சேரித் தாவரவியல் பூங்காவில் பல வருடம் தோட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “ஒரு நாள் தண்ணி மறந்தா தாங்கும் பாப்பா. ராத்திரி நடுவுல லைட்டு பட்டா அந்த ராத்திரியே கணக்குல வராது” என்பார். முதலில் இது நம்பிக்கை சார்ந்த பேச்சு என்று நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தால் தாவரவியலும் அதையே சொல்கிறது. இந்தச் செடிக்குப் பகலின் நீளம் பெரிதில்லை, தொடர்ந்து நீளும் இருட்டுதான் முக்கியம். பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவிடாத இருட்டு மூன்று நான்கு வாரம் கிடைத்தால், தண்டு நுனியில் புதுத் துண்டு வளர்வது நின்று மொட்டு உருவாகிறது. நடுவில் வெளிச்சம் விழுந்தால், முக்கியமாகச் சிவப்பு அலை கலந்த வெளிச்சம், செடி அதைப் பகல் என்றே எடுத்துக்கொள்ளும்.

இங்கே இயற்கை தரும் இருட்டு எவ்வளவு? பாகூரில் மார்கழியின் மிகக் குட்டையான பகலே ஏறக்குறைய 11 மணி 25 நிமிடம். ஆனி மாதத்து நீண்ட பகல் 12 மணி 50 நிமிடம். வருடம் முழுக்கப் பார்த்தாலும் ஒன்றரை மணி நேர வித்தியாசம்கூட இல்லை. அதிலும் பொழுது சாய்ந்த பிறகு நிற்கும் மங்கல் வெளிச்சம், தெருவிளக்கு, வீட்டுத் திண்ணையில் பத்து மணி வரை எரியும் டியூப்லைட் எல்லாவற்றையும் கழித்தால் செடிக்கு மிச்சம் என்ன? அதனால்தான் துணி. ஆறிலிருந்து எட்டு வரை பதினான்கு மணி நேரம். உள்ளே இரண்டு மடிப்புக் கறுப்புத் துணி, மேலே பழைய வெள்ளை வேட்டி. கறுப்பு மட்டும் இருந்தால் காலை வெயிலில் உள்ளே புழுங்கிவிடும். துணி தரையைத் தொடக் கூடாது. ஒரு சாண் இடைவெளி விட்டால்தான் கீழிருந்து காற்று ஏறும்.

செடியின் பிறந்த இடத்தைத் தெரிந்துகொண்ட பிறகு இந்த வேலையில் எனக்கு மனசு ஒட்டியது. பிரேசிலின் தென்கிழக்குக் கடலோர மலைகள். ரியோ டி ஜெனிரோவை ஒட்டி எழும் அந்த மலைகளில், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் சுற்றுவட்ட உயரத்தில், மேகம் தவழும் காட்டில், மரக்கிளைக் கவட்டிலும் பாறை இடுக்கிலும் பாசியைப் பற்றிக்கொண்டு தொங்கும் செடி இது. ஹம்மிங்பேர்டு என்னும் ஓசனிச்சிட்டுகள் மகரந்தம் கடத்துகின்றன. பாலைவனமே பார்த்திராத கள்ளி. 1858இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் சார்ல் லெமேர், ஃபிரெடெரிக் ஷ்லும்பெர்கே என்ற கள்ளி சேகரிப்பாளரின் பெயரால் இந்தப் பேரினத்துக்கு ஷ்லும்பெர்கெரா என்று பெயர் வைத்தார். அதற்குச் சில வருடம் முன்பே இங்கிலாந்தில் வில்லியம் பக்லி என்ற தோட்டக்காரர் இரண்டு இனங்களைக் கலந்து ஒரு கலப்பினம் உண்டாக்கியிருந்தார். பழைய வீடுகளில் தலைமுறையாக வரும் கிறிஸ்துமஸ் கள்ளி அதுதான். இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் வேறு இனம். தண்டுத் துண்டின் ஓரத்தில் நண்டுக் கொடுக்குப் போலக் கூரான பற்கள் இருக்கும், பூவும் கொஞ்சம் முந்தி வரும்.

வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது, “பால் வடியுமா? வீட்டுல குழந்தை இருக்கே” என்று. சதுரக்கள்ளி, திருகுகள்ளியைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் பயம் நியாயமானது. அவை வேறு குடும்பம். இது அமெரிக்கக் கண்டத்துக் கள்ளிக் குடும்பம், பால் கிடையாது, பூனை கடித்தாலும் நஞ்சில்லை. இதன் நெருங்கிய உறவான ரிப்சாலிஸ் என்ற ஒரு தொங்கு கள்ளி மட்டும் எப்படியோ ஆப்பிரிக்காவிலும் இலங்கைக் காடுகளிலும் இயற்கையாகவே வளர்கிறது. பறவை கொண்டுவந்ததா, கப்பல் கொண்டுவந்ததா என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெரியப்பாவுக்கு அந்தச் செய்தி மிகவும் பிடிக்கும், யார் வந்தாலும் சொல்லிவிடுவார்.

எங்களிடம் இந்தச் செடியைத் தேடி வருகிறவர்களில் நிறையப் பேர் வில்லியனூர்க்காரர்கள். அங்கே 1877இல் எழுந்த லூர்து மாதா ஆலயம் இருக்கிறது. டிசம்பர் வந்தால் குடிலுக்குப் பக்கத்தில் வைக்க ஒரு பூத்த தொட்டி வேண்டும் என்பது ஆசை. மலைப் பக்கமிருந்தும் பெங்களூரிலிருந்தும் மொட்டோடு வண்டியில் வரும் செடிகளை வாங்கி வைப்பார்கள். சில நாளில் மொட்டெல்லாம் உதிர்ந்து கிடக்கும். குளிரிலிருந்து சூட்டுக்கு, ஈரக்காற்றிலிருந்து மின்விசிறிக்கு, வெளிச்சத்திலிருந்து இருட்டு மூலைக்கு ஒரே நாளில் மாறினால் எந்த மொட்டு நிற்கும்?

ஆகவே இங்கேயே வளர்த்து, இங்கேயே மொட்டு விடவைக்க வேண்டும் என்பது பெரியப்பாவின் பிடிவாதம். அதில் இருக்கும் இடைஞ்சல் இருட்டு அல்ல, சூடு. இரவு வெப்பம் 15இலிருந்து 20 டிகிரி வரை இருந்தால் செடி தயங்காமல் மொட்டு வைக்கும். 24ஐத் தாண்டினால் எவ்வளவு இருட்டு போட்டாலும் பெரும்பாலும் வைக்காது. நம் ஐப்பசி இரவுகள் அந்த எல்லையிலேயே நிற்கின்றன. ஈர மணல் தட்டில் தொட்டியை வைத்தால் குளிரும் என்பது கோடையில் சரி. அடைமழைக் காலத்தில் காற்றே நீர் கோத்து இருப்பதால் ஆவியாவது குறைவு, குளிர்ச்சியும் குறைவு. மார்கழி பாதிக்கு மேல் இரவு 20, 21 என்று இறங்கும்போதுதான் எங்கள் செடிகள் மொட்டு எடுக்கின்றன. அங்கிருந்து பூவாக மாறப் பத்து வாரம் போல ஆகும். ஆக, எங்களுக்குப் பூக்கும் காலம் மாசி. திருக்காஞ்சியில் சங்கராபரணி ஆற்றங்கரையில் மாசி மகக் கூட்டம் கூடும் சமயத்தில் எங்கள் மேடையும் சிவப்பும் வெள்ளையும் கத்தரிப்பூ நிறமுமாக இருக்கும். பிரேசிலில் இதை மே மாதப் பூ என்கிறார்கள். அங்கே குளிர் தொடங்கும் நேரம் அதுதான். பண்டிகையை நாம் வைத்தோம், செடி குளிரையும் இருளையும்தான் பார்க்கிறது.

மண் கலவை கற்றது இரண்டாவது கட்டம். ‘மண்’ என்று சொன்னாலும் அதில் மண்ணே இல்லை. மூன்று நான்கு தண்ணீர் மாற்றி உப்புப் போகக் கழுவிய நார்க்கழிவு, மக்கின இலை, செங்கல் ஜல்லி, அடுப்புக்கரித் துண்டு, அரை வேக்காட்டில் கருகிய உமி. பாகூர் நெல் விளையும் பூமி, அரிசி ஆலை உமிக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெள்ளைச் சாம்பலாகிவிட்ட உமியைச் சேர்க்கக் கூடாது, அது காரம். இந்த வேருக்கு லேசான புளிப்புத்தன்மை வேண்டும். போர் தண்ணீரில் உப்பு ஏறியிருப்பதால் மழைநீரை டிரம்மில் பிடித்து வைக்கிறோம். தொட்டி, மேல்பூச்சு இல்லாத சுடுமண் தொட்டிதான். பத்மஸ்ரீ வி.கே. முனுசாமி போன்ற கலைஞர்களைத் தந்த வில்லியனூரின் குயவர் கைகள் செய்யும் சாதாரணத் தொட்டிகள் இந்தச் செடிக்கு எந்தப் பிளாஸ்டிக் தொட்டியையும்விட மேல். பக்கச் சுவர் வழியாகவே வேர் மூச்சு விடும். அகலமாக, உயரம் குறைவாக இருக்க வேண்டும்.

நான் அதிகம் நேசிப்பது மூன்றாவது கட்டத்தை: ஒட்டு கட்டுதல். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் இந்தச் செடியை உயரமான வேறொரு கள்ளித் தண்டின் மேல் ஒட்டிக் குடை மாதிரி தொங்கவிட்டார்கள். பெரியப்பா அதை அழகுக்காகச் செய்யவில்லை. கிறிஸ்துமஸ் கள்ளியின் வேர் நம் வடகிழக்குப் பருவமழையைத் தாங்காது. இரண்டு நாள் ஈரம் தேங்கினாலே பூசணம் ஏறி அடித்தண்டு கொழகொழத்துவிடும். டிராகன் பழச் செடியின் வேருக்கு நம் வெயிலும் மழையும் பழக்கம். அதன் வேர், இதன் பூ.

கோடை மழை ஒன்றிரண்டு பெய்து டிராகன் தண்டு புதுத் துளிர் விடும்போதுதான் கை வைப்பார். வேர் பிடித்த ஒரு அடித் தண்டின் தலையை மட்டமாகச் சீவ வேண்டும். மூன்று பட்டைத் தண்டின் நடுவில் வளையமாக ஒரு நரம்பு தெரியும். பார்த்தால் தண்ணீர் ஊறிய வெளிர்நிறக் கோடுதான். அதன் வழியாகக் கீழ் நோக்கி இரண்டு சென்டிமீட்டர் பிளவு. கிறிஸ்துமஸ் கள்ளியில் முற்றிய இரண்டு மூன்று துண்டு உள்ள கிளையை முறுக்கி எடுத்து, அடித்துண்டின் இரண்டு பக்கத் தோலையும் மெல்லச் சீவி ஆப்பு போலாக்க வேண்டும், நடு நரம்பு இரண்டு பக்கமும் வெளியே தெரிகிற அளவுக்கு. தோல் மட்டும் போனால் பிடிக்காது, நரம்பு அறுந்தாலும் பிடிக்காது. வெட்டின இடத்தில் ஊறும் பிசின் காய்வதற்குள் செருகிவிட வேண்டும். நரம்போடு நரம்பு தொட்டதா என்று கண்ணால் பார்க்க முடியாது, செருகும்போது விரலுக்குத்தான் தெரியும். இதைப் பெரியப்பா வாயால் விளக்கவே இல்லை. என் விரலின் மேல் அவர் விரலை வைத்து அழுத்திக் காட்டினார்.

நழுவாமல் இருக்க ஒரு கருவேல முள்ளைக் குறுக்கே குத்திவிடுவோம். நூல் கட்டினால் தண்டு பருக்கும்போது அறுக்கும். முள் காய்ந்து தானாக உதிரும். பிளேடை ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். பிறகு இரண்டு வாரம் நிழல், ஒட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. பிடிக்காதது சுருங்கும். பிடித்ததில் நுனியில் ஊசி முனையளவு செம்பச்சைத் துளிர் எட்டிப் பார்க்கும். அதன் பிறகு டிராகன் தண்டின் பக்கத்தில் வரும் கிளைப்புகளை எல்லாம் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் மேலே இருப்பதைப் பட்டினி போட்டுவிடும்.

இந்த உழைப்பு வீண் இல்லை என்று 2024 நவம்பர் 30 எனக்குக் காட்டியது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த அன்று புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த நாட்களில் தென்பெண்ணை கரை மீறிப் பாகூர்ப் பக்கம் புகுந்தது. நெல் வயல் எல்லாம் தண்ணீருக்குள். எங்கள் நிழல்வலை கிழிந்து செடிகள் நாள்கணக்கில் நனைந்தன. சொந்த வேரில் நின்ற கள்ளிகளில் பெரும்பகுதி அடி அழுகிப் போனது. ஒட்டுச் செடிகளில் பெரும்பகுதி நின்றது. அழுகினவற்றின் மேல் துண்டுகளைக் காப்பாற்றி, இரண்டு நாள் காயவைத்து, பெரியப்பா மறுபடி ஒட்டுக்குத் தயார் செய்தார். மழைக்குப் பயந்த வேலையில்லை இது, மழையை எதிர்பார்த்துச் செய்த வேலை.

வாங்கிப் போகிறவர்களுக்கு நான் சொல்வது சில விஷயங்கள். காலை வெயில் படலாம், பதினோரு மணி வெயில் படக் கூடாது. தண்டு சிவந்தால் வெயில் அதிகம். ஆவணியோடு உரத்தை நிறுத்துங்கள். புரட்டாசியில் இருட்டு போடத் தொடங்கும் முன், நுனியில் நகக்கண் அளவுக்கும் வளராத பிஞ்சுத் துண்டுகளைக் கிள்ளிவிடுங்கள். முற்றிய துண்டில்தான் மொட்டு வரும், எல்லாம் ஒன்றாகவும் வரும். மொட்டு கண்ட பிறகு தொட்டியைத் திருப்பாதீர்கள். பழுக்க வைத்த வாழைத்தார் இருக்கும் அறையில் வைக்கவே வேண்டாம். பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டை உதிர்த்துவிடும். மாவுப்பூச்சி வந்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போதும்.

கிறிஸ்துமஸுக்கே பூ வேண்டும் என்று உறுதியாகக் கேட்கிறவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. வில்லியனூரில் ஒரு அக்கா போன வருடம் செய்தார்: புரட்டாசி கடைசியிலிருந்து தினமும் சாயங்காலம் தொட்டியைப் படுக்கையறைக்கு எடுத்துப்போய், அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து மூடிவிடுவார். இரவு முழுக்க ஏசி 22இல் ஓடும்; யாராவது எழுந்து விளக்குப் போட்டாலும் பெட்டிக்குள் இருட்டு கலையாது. காலையில் மறுபடி திண்ணை. மார்கழி பிறந்ததும் மொட்டு நிறம் காட்ட, குடிலுக்குப் பக்கத்தில் பூத்த தொட்டியே வைத்தார். ஏசிக் காற்று நேராகப் படாமல் கட்டிலின் கால்மாட்டில் வைத்ததையும் சொன்னார். இந்த வருடம் நாங்கள் விற்கும் ஒட்டுச் செடி ஒவ்வொன்றோடும் ஒரு அட்டைப் பெட்டியும் சேர்த்தே கொடுக்கிறோம்.