கண்ணாடிக் கம்பி

கள்ளிக்குப்பத்துல எங்க தெருவுக்கு இன்டர்நெட் கம்பி வந்தபோது, மெயின் ரோட்டுக்கு அது வந்து மூணு வருசம் ஆகியிருந்தது. மெயின் ரோட்டுக்கும் எங்க தெருவுக்கும் என்ன தூரம்? ஒரு பீடி பத்த வச்சா அது முடியறதுக்குள்ள நடந்துடலாம். கம்பெனிக்குப் போன் போட்டா 'உங்க ஏரியாவுக்கு ஃபீசிபிலிட்டி இல்லைங்க'ன்னு ஒரே பதில். எந்தக் கம்பெனின்னு சொல்ல வேண்டியதில்லை. நாங்க கேட்ட மூணு கம்பெனிக்கும் ஒரே வாய்தான் இருந்தது. அம்பத்தூர் 2011லேயே சென்னை மாநகராட்சியோட சேர்ந்துவிட்டது. வரி மாநகராட்சி வரி. தண்ணிக் குழாய், தெருவிளக்கு, குப்பை வண்டி எல்லாம் எந்த முனையில் நின்னு திரும்பிப் போச்சோ, அதே முனையிலதான் இந்தக் கம்பியும் நின்னுது. தெரு மொத்தமும் கையெழுத்துப் போட்டு, ஒரே நாளில் பதினோரு வீட்டு விண்ணப்பத்தைக் கொண்டுபோய் மேசையில் வச்ச பிறகு ஃபீசிபிலிட்டி தானா வந்துடுச்சு.

இதெல்லாம் பொழுதுபோக்குக்கு ஆடற ஆட்டம்னு நினைக்கிற தோழர்கள் இன்னமும் இருக்காங்க. 2020 ஜூன் 1ஆம் தேதி கேரளத்தில் ஆன்லைன் வகுப்பு ஆரம்பமான முதல் நாள், மலப்புரம் மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு படிச்ச தலித் பெண் குழந்தை ஒருத்தி உசுரை மாய்ச்சுக்கிட்டா. வீட்டு டி.வி. ரிப்பேர். நல்ல போனும் இல்லை. அதே மாநிலத்து உயர்நீதிமன்றம் அதுக்கு முந்தின வருசம், 2019இல்தான், ஒரு கல்லூரி விடுதி மாணவி போட்ட வழக்கில், இணையம் கிடைப்பது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்ததுன்னு தீர்ப்புச் சொல்லியிருந்தது. தீர்ப்பு காகிதத்தில் இருந்தது, பிள்ளை மண்ணுக்குப் போயிட்டா. ஆகவே இந்தப் பெட்டியை எப்படி மாட்டறது, எப்படிப் பூட்டறதுங்கிறது நம்ம பத்திரிகையில் எழுதற விசயம்தான்.

மாட்ட வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். ஈ.பி. கம்பத்தில் ஏணியைச் சாத்தி ஏறினான். கையுறை கிடையாது, இடுப்புக் கயிறு கிடையாது. கான்ட்ராக்டுக்குக் கீழே கான்ட்ராக்டு, ஒரு வீட்டுக்கு இவ்வளவுன்னு கூலி. பேச்சு வளர்ந்தப்ப அவனும் நம்ம பையன்தான்னு தெரிஞ்சது. சாக்கடைக்குள்ள இறங்கறவனும் நாம, கரண்டுக் கம்பிக்குப் பக்கத்தில் ஏறறவனும் நாம. அதனால முதல் பாதுகாப்பு அந்தப் பையனோட பாதுகாப்பு. கேபிள் உள்ளே இருக்கிற கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனா வெளியில் இழுத்துக் கட்டறதுக்குக் கூடவே ஓடற எஃகுக் கம்பியில் பாயும். அது மின்கம்பியை உரசினா உசுரு போயிடும். மழையில், ஈரக் கம்பத்தில் ஏறாதேன்னு சொல்லணும். 'இன்னிக்கே முடிக்கலன்னா கூலி கட்டுக்கா'ன்னு அவன் சொல்லுவான். நாளைக்கு வா, நாங்க எழுதிக் கொடுக்கறோம்னு சொல்லிப் பாருங்க. நாங்க அப்படித்தான் செஞ்சோம்.

வீட்டுக்குள்ள வந்து இழையை வெட்டும்போது பிள்ளைகளை வெளியே அனுப்பிடணும். தலைமயிர் அளவுக் கண்ணாடித் துண்டு தரையில் விழும், கண்ணுக்கே தெரியாது. காலில் ஏறினா எடுக்கறது பெரும்பாடு. கையால் பெருக்கக்கூடாது. செலோடேப்பால் ஒத்தி எடுத்து ஒரு பாட்டிலில் போட்டு மூடணும். இழை முனையைக் கண்ணுக்கு நேரே பிடிச்சுப் பார்க்கிறது அதைவிட மோசம். அதில் வர்றது கண்ணுக்குத் தெரியாத ஒளி. இருட்டாத்தானே இருக்குன்னு பார்ப்போம், விழித்திரை கெட்டுப்போகலாம்.

பெட்டியை எங்கே வைக்கிறது? நம்ம வீடு ஒரே அறை. அதிலேயே அடுப்பு, பீரோ, தண்ணி டிரம், சாமி படமோ அண்ணல் படமோ, எல்லாம். தரையில் வைக்காதீங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையே நாள் கணக்காத் தண்ணியில் நின்னது. நெஞ்சுக்கு மேலே, சுவத்தில் ஆணியடிச்சு மாட்டுங்க. இரும்பு பீரோவுக்குப் பின்னாலயும் தண்ணி டிரம்முக்குப் பக்கத்திலயும் வச்சா அலை அங்கேயே செத்துடும். தகரக் கூரையைத் தாண்டியும் போகாது. பெட்டியில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலை இருக்கும். முதல் அலை சுவர் தாண்டிப் போகும், வேகம் குறைச்சல். ரெண்டாவது வேகம், ஆனா சுவர் தாண்ட மூச்சு வாங்கும். கேபிளை மூலையில் மடக்கி ஆணியடிக்கக் கூடாது. ஒரு டம்ளர் வாய் அளவுக்காவது வளைஞ்சு திரும்பணும். ஒடிஞ்சா எல்.ஓ.எஸ்.னு எழுதியிருக்கிற விளக்கு சிவப்பா எரியும். அந்தச் சிவப்பைப் பார்த்தா பெட்டியோட மல்லுக்கட்ட வேண்டாம், கோளாறு கம்பியில்னு சொல்லிப் புகார் எழுதி, புகார் எண் வாங்குங்க. பி.ஓ.என். விளக்கு பச்சையா நிலையா நின்னா கம்பி சரி. அடாப்டரை மாத்திப் போடாதீங்க. பெட்டி அடியில் எழுதியிருக்கிற வோல்ட்டும் அடாப்டர் மேல இருக்கிற வோல்ட்டும் ஒண்ணா இருக்கணும். ஒரே பிளக்கில் மிக்சி, ஃபேன், பெட்டின்னு மூணையும் சொருகற பழக்கம் தீப்பிடிக்கிற பழக்கம். இடி இடிச்சா கரண்டு பிளக்கைப் பிடுங்கிடுங்க.

இனி பூட்டு. மாட்டி முடிச்ச பையன் ஒரு பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்துட்டுப் போவான். பெரும்பாலும் நம்ம செல்போன் நம்பர், இல்லை ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் வரிசை. இதில்லாம பெட்டிக்குள்ள நுழையற இன்னொரு பாஸ்வேர்டு இருக்கு. அதைப் பத்தி யாரும் சொல்றதில்லை. கம்பெனி போட்ட அட்மின், அட்மின்னு அப்படியே கிடக்கும். 2016இல் மிராய்னு ஒரு தீய நிரல் இந்த மாதிரி கம்பெனி வச்ச பேரும் பாஸ்வேர்டும் அறுபதுக்கு மேல ஒரு பட்டியலா வச்சுக்கிட்டு, உலகம் பூரா கேமராவையும் ரூட்டரையும் தட்டித் தட்டித் திறந்தது. 2017 ஜூலையில் இந்தியாவிலேயே நடந்தது. பி.எஸ்.என்.எல். சந்தாதாரர் வீடுகளில் ஆயிரக்கணக்கான மோடம்கள் செத்துப்போச்சு. பாஸ்வேர்டை மாத்துங்கன்னு அதுக்கப்புறம் நிறுவனமே கேட்டுக்கிச்சு. பெட்டியைக் கைப்பத்தினவன் நம்மளைப் போலி பேங்க் பக்கத்துக்குத் திருப்பிவிடலாம். மகளிர் உரிமைத் தொகை வர்ற கணக்கு அது. நமக்கு அது சின்னத் தொகை இல்லை.

இதைவிடப் பெரிய சங்கதி ஒண்ணு. 2008 ஜூலை 26, அகமதாபாத்தில் வரிசையா குண்டு வெடிச்சது. ஐம்பது பேருக்கு மேல செத்தாங்க. வெடிக்கிறதுக்குச் சில நிமிசம் முன்னால ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போயிருந்தது. எங்கிருந்துன்னு தேடினா, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கர் வீட்டு வை-ஃபை. பூட்டில்லாத வை-ஃபையை யாரோ பயன்படுத்திட்டுப் போயிருக்காங்க. அவரை விசாரிச்சாங்க. கொஞ்ச நாளில் அவர் விமானம் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தார். நல்லது, அவர் செய்யாத குற்றம். ஆனா அந்த வீடு நவி மும்பையில் இல்லாம கள்ளிக்குப்பத்தில் இருந்திருந்தா? குடியிருந்தவன் அமெரிக்கனா இல்லாம நம்மாளா இருந்திருந்தா? ஸ்டேசன் பெஞ்சில் எத்தனை ராத்திரி, லத்தி எங்கெங்கே பட்டிருக்கும், வழக்கு எத்தனை வருசம் இழுத்திருக்கும்னு நம்ம வாசகருக்கு நான் சொல்லணுமா? திறந்து கிடக்கிற வை-ஃபை எல்லாருக்கும் ஆபத்துன்னு பொத்தாம்பொதுவாச் சொல்றாங்க. எல்லாருக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை.

செய்ய வேண்டியது அரைமணி நேர வேலை. போனில் வை-ஃபையைச் சேர்த்துட்டு, பிரவுசரில் 192.168.1.1ன்னு அடிச்சா பெரும்பாலான பெட்டிகள் திறக்கும். சரியான எண் பெட்டி அடியில் ஒட்டியிருக்கும். முதலில் அந்த அட்மின் பாஸ்வேர்டை மாத்துங்க. அடுத்து வை-ஃபை பாஸ்வேர்டு. பாதுகாப்பு முறையில் டபிள்யூ.பி.ஏ.3 இருந்தா அது, இல்லைன்னா டபிள்யூ.பி.ஏ.2. டபிள்யூ.பி.எஸ். என்கிற வசதியை அணைங்க. வெளியிலிருந்து பெட்டியை இயக்கற வசதி திறந்திருந்தா அதையும் அணைங்க. புது மென்பொருள் வந்திருக்கான்னு பாருங்க. பாஸ்வேர்டு நீளமா இருக்கட்டும். சம்பந்தமில்லாத நாலு வார்த்தையை ஒண்ணாக் கோத்தா ஞாபகமும் இருக்கும், உடைக்கறதும் கஷ்டம். எம்.ஏ. தமிழ் படிச்ச புத்தி, எனக்கு 'கடவுச்சொல்'ங்கிற வார்த்தை மேல தனிப் பிரியம். கடவுன்னா வழி. இன்னார் வரலாம், இன்னார் வரக்கூடாதுன்னு வழியில் நின்னு ஊர்க்காரன் சொல்லிக்கிட்டிருந்தான். இப்ப நம்ம வீட்டு வழிக்குச் சொல் நம்ம வாயில்.

பேரு வைக்கிறதில்தான் எங்க தெருவில் சண்டை. வை-ஃபைக்குப் பேர் வைக்கணும் இல்லையா? போனை எடுத்துத் தேடிப் பாருங்க, சில இடத்தில் சாதிப் பேரு வரிசை கட்டி நிக்குது. கல்யாண பேனரில் போடறதை வை-ஃபையிலயும் போட்டுட்டான். எங்க பசங்க 'ஜெய்பீம்'னு வச்சாங்க. பாதுகாப்பு சொல்லிக் கொடுக்கிறவங்க, வீட்டுக்காரன் யாருன்னு தெரியற மாதிரி பேர் வைக்காதேன்னு சொல்றாங்க. கதவு நம்பர், ஆள் பேரு, பிறந்த தேதி இதெல்லாம் வேண்டாம், சரிதான். ஆனா ஜெய்பீம்னு போட்டா திருடன் உள்ளே வந்துட மாட்டான், பூட்டு கெட்டியா இருந்தா போதும்னு நான் பசங்க பக்கம் நின்னேன்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு ஆவடி பக்கம் வாடகைக்கு இருக்கா. வீடு பார்க்கப் போனப்ப 'நீங்க என்ன ஆளுங்க'ன்னு கேட்டவங்களுக்கு மழுப்பலா ஒரு பதிலைச் சொல்லித்தான் வீடு கிடைச்சது. அவ தம்பி லீவுக்கு வந்து, அக்கா வீட்டு வை-ஃபைக்கு ஆசையா அதே பேரை வச்சுட்டுப் போயிட்டான். மாடி வீட்டு அம்மா தன் போனில் அதைப் பார்த்துட்டு, 'இது யாரு வீட்டுதும்மா?'ன்னு கேட்டிருக்காங்க. அன்னிக்கு ராத்திரி எனக்குப் போன். 'அக்கா, பேரை எப்படி மாத்தறது?' எந்தப் பக்கம் போய் எதை அமுக்கணும்னு ஒவ்வொண்ணாச் சொன்னேன். பேரு இருந்த இடத்தில் கம்பெனி கொடுத்த எழுத்தும் எண்ணும் வந்து உட்கார்ந்தது. பெருமையா இருடின்னு அவகிட்ட நான் பேசல. வாடகை வீட்டுக்காரி நிலைமை சொந்த வீட்டுக்காரிக்குத் தெரியாது.

எங்க தெருவில் பதினோரு இணைப்பு, பிள்ளைகள் முப்பதுக்கு மேல. பகிராம முடியாது. அதுக்கும் வழி இருக்கு. பல பெட்டிகளில் விருந்தாளி வை-ஃபைன்னு தனியா ஒண்ணு திறக்கலாம், தனிப் பாஸ்வேர்டோட. வந்தவங்க நம்ம வீட்டு போன், கம்ப்யூட்டர் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. ஆனா வெளியே போற தடம் நம்ம பேர்லதான் போகும். அதனால அந்தப் பாஸ்வேர்டு முகம் தெரிஞ்ச பிள்ளைகளுக்கு மட்டும். பரீட்சை முடிஞ்சதும் மாத்திடறோம். அட்மின் பாஸ்வேர்டு எழுதின சீட்டு ரேசன் கார்டு பையில் இருக்கு.

பெட்டி பழசானா அப்படியே காயலான் கடையில் போட்டுடாதீங்க. பின்னால ரீசெட்னு ஊசி நுழையற ஓட்டை இருக்கும். கரண்டு இருக்கும்போது ஊசியால் பத்துப் பதினைஞ்சு எண்ணற வரைக்கும் அமுக்கிப் பிடிச்சா உள்ளே இருக்கிற நம்ம பேரு, பாஸ்வேர்டு எல்லாம் அழிஞ்சிடும். பெட்டி கம்பெனியுடையதுன்னா திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்க. டெபாசிட் கட்டியிருந்தா அதையும் கேளுங்க.