வட்டமாய் வெட்டிய தாள்

சதுரத் தாள் ஒன்றின் மூலைகளை வெட்டி வட்டமாக்கினால் அது வேறு பொருளாகிவிடுமா? இதென்ன வேடிக்கையான கேள்வி என்றே 2019ஆம் ஆண்டு வரை நானும் எண்ணியிருப்பேன். பெயர்ப் பலகை செய்வோருக்கு அக்ரிலிக் தாள்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்பது என் தொழில். அவ்வாண்டில் வந்த சரக்கொன்று எனக்குப் புகட்டிய பாடத்தை உங்களிடம் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இறக்குமதியாகும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. உலகச் சுங்க அமைப்பின் பட்டியல் 1988 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் முதல் 6 இலக்கங்கள் அதனை ஏற்ற நாடுகள் அனைத்துக்கும் பொது. இந்தியாவில் அவை 8 இலக்கங்களாக விரிகின்றன. பிளாஸ்டிக்குக்கு உரியது 39ஆம் அத்தியாயம். பசையுடன் தானே ஒட்டும் தாள் 3919. பசையற்ற, நுரையாக்கப்படாத, வேறு பொருளோடு இணைக்கப்படாத தாள் 3920. நுரைத்தாள் முதலிய ஏனைய தாள்கள் 3921.

அந்த அத்தியாயத்தின் 10ஆம் குறிப்பைத்தான் நான் படிக்கத் தவறியிருந்தேன். வெட்டப்படாதவையும், செவ்வகமாகவோ சதுரமாகவோ மட்டும் வெட்டப்பட்டவையுமே அங்கே ‘தாள்’ எனக் கொள்ளப்படும். வட்டமாக வெட்டியது தாளன்று. அது பிற பிளாஸ்டிக் பொருள்களுக்கான 3926க்குச் சென்றுவிடும். அங்கே அப்போது வரி கூடுதலாக இருந்தது.

வாடிக்கையாளர் கேட்டதற்கிணங்க, சில பெட்டிகளில் வட்டத் துண்டுகளை அனுப்புமாறு நானே எழுதியிருந்தேன். பில்லிலோ ‘அக்ரிலிக் தாள்’ என்று மட்டுமே இருந்தது. பெட்டியைத் திறந்த அதிகாரி, “இவை தாள்களா?” என்று வினவினார். “தாளிலிருந்து வெட்டியவைதாம், ஐயா” என்றேன். அவர் குறிப்பை எடுத்துக் காட்டினார். எனக்கு நா எழவில்லை.

கிளியரிங் ஏஜண்டு என்னைத் தனியே அழைத்து, “அனுப்பியவர் தவறாகக் கட்டிவிட்டார் என்று எழுதிக் கொடுங்கள், பாய்” என்றார். நான் எழுதிய கடிதமோ என் சட்டைப் பையிலேயே இருந்தது. உள்ளதை உள்ளபடி எழிதிக் கொடுத்து, கூடுதல் வரியையும் அபராதத்தையும் செலுத்திச் சரக்கை மீட்டேன்.

அன்றிரவு என் மகன் பழைய பில்களைப் புரட்டிவிட்டு, “அத்தா, இதே ஆண்டில் இதற்கு முன் இரண்டு முறை வட்டத் துண்டுகள் வந்திருக்கின்றனவே?” என்று கேட்டான். வந்திருந்தன, எவரும் கவனிக்கவில்லை. இனியும் கவனிக்கப் போவதில்லை என்று என் மனம் சொன்னது. அறியாமல் செய்தது அதுவரை பிழை. அறிந்த பின்னும் வாய்மூடி இருந்தால் அதற்குப் பெயர் வேறல்லவா? உறக்கம் வரவில்லை.

சுங்கச் சட்டமும் இவ்வேறுபாட்டை அறிந்தே இருக்கிறது. குறைவாகச் செலுத்திய வரியைக் கேட்க அதிகாரிகளுக்கு 2 ஆண்டுகள். வேண்டுமென்றே மறைத்திருந்தால் 5 ஆண்டுகள். அறியாது நேர்ந்த குறையை அறிவிப்பு வருமுன் தாமே கணக்கிட்டு வட்டியுடன் செலுத்துவோருக்குத் தண்டமில்லை என்கிறது 28ஆம் பிரிவு. மறுவாரமே அவ்விரு சரக்குகளுக்கும் உரியதைச் செலுத்தினேன். அவ்வாண்டு இலாபத்தில் பெரும்பகுதி அதிலேயே போயிற்று. ஆனால் மகன் முன்னிலையில் தலைநிமிர்ந்து நிற்க முடிந்தது.

வணிகம் செய்யும் சகோதரர்களே! 2011 முதல் பொருளின் எண்ணையும் வரியையும் நாமே கணித்துக் கையொப்பமிடுகிறோம். ஆகவே எந்தப் பிளாஸ்டிக், நுரையா அல்லவா, பசை உண்டா, எவ்வடிவில் வெட்டப்பட்டது என்பவற்றை ஆர்டர் கொடுக்கும் முன்பே கேட்டறியுங்கள். ஐயம் தீராவிடில் டில்லியிலும் மும்பையிலும் உள்ள முன்தீர்ப்பு ஆணையத்தை அணுகலாம். ஏஜண்டு எண்ணை எழுதலாம். அதன் கீழ் இருப்பது நம் பெயர்.