ரயில் முடியும் இடத்தில் ஒரு ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது? சிறு பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி சனிக்கிழமை இரவே எழுந்துவிடும். மண்டாய், செந்தோசா, கரையோரப் பூந்தோட்டங்கள் என்று பட்டியல் இருக்கிறது. ஆனால் நுழைவுச்சீட்டு, சாப்பாடு, டாக்சி எல்லாம் சேர்த்தால் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு நூறு வெள்ளி சாதாரணமாகக் கரைந்துவிடும். வாரா வாரம் அது கட்டுப்படியாகாது. கடைத்தொகுதிக்குப் போனால் மழையும் வெயிலும் படாதுதான். ஆனால் பிள்ளைகள் அங்கே பார்ப்பது கடைகளை மட்டுமே.

சென்ற மாதம் நாங்கள் துவாஸுக்குப் போனோம். சொன்னதும் தோழி ஒருத்தி, "துவாஸுக்கா? பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டா? அங்க ஃபேக்டரியைத் தவிர என்ன இருக்கு?" என்று சிரித்தாள். ஃபேக்டரிகள்தான் இருக்கின்றன. அவற்றைக் காட்டத்தான் போனோம்.

காரணம் ஒரு படம். என் மகனுக்கு ஆறு வயது. பாலர் பள்ளியில் அப்பா, அம்மா செய்யும் வேலையை வரையச் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஒரு மேசையும் கணினியும் வரைந்தான். நான் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள்களில் அவன் அதைப் பார்த்திருக்கிறான். அப்பாவுக்கு ஒரு பேருந்தை வரைந்தான். "அப்பா பஸ் ஓட்டுறாரா?" என்று ஆசிரியை கேட்டதற்கு, "இல்ல, அப்பா பஸ்ல ஏறிப் போவாரு" என்று சொல்லியிருக்கிறான்.

என் கணவர் துவாஸில் இரும்புக் கட்டுமானங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் பொறியாளர். காலை ஆறு மணிக்கெல்லாம் நிறுவனத்தின் பேருந்து வந்துவிடும். அப்பாவின் வேலையில் பிள்ளைகள் கண்டது அந்தப் பேருந்தை மட்டும்தான். இந்தத் தீவில் ஏராளமான வேலைகள் இப்படிப் பிள்ளைகளின் கண்ணில் படாத இடங்களில்தான் நடக்கின்றன.

கூட்டத்துக்கு எதிர்த் திசையில்

எங்கள் வீடு லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில். ஞாயிறு மதியம் அங்கே எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தீவின் எல்லா மூலைகளிலிருந்தும் ஊழியர்கள் வந்து குவிவார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப, காய்கறி வாங்க, ஊர்க்காரர்களைப் பார்க்க என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கும். அவர்களில் துவாஸிலிருந்து வருகிறவர்களும் நிறைய. நாங்கள் அவர்கள் வந்த பாதையில் திரும்பிப் போனோம்.

லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறி, ஊட்ரம் பார்க்கில் கிழக்கு-மேற்கு ரயில் தடத்துக்கு மாற வேண்டும். அங்கிருந்து 17வது நிலையம் துவாஸ் லிங்க். இடையில் இறங்காமல் போனால் மொத்தம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும்.

தியோங் பாரு தாண்டியதும் ரயில் சுரங்கத்தை விட்டு வெளிச்சத்துக்கு ஏறும். மூன்று வயது மகள் அங்கேயே கை தட்ட ஆரம்பித்துவிட்டாள். அதன் பிறகு கடைசி வரை ரயில் தரைக்கு மேலேதான் ஓடுகிறது. வீவக அடுக்குமாடிகள், விளையாட்டுத் திடல்கள், கால்வாய்கள் எல்லாம் சன்னலோரம் நகர்ந்துகொண்டே இருக்கும். சிறு பிள்ளைகளுக்கு ரயில் பயணமே பாதி உல்லாசம். அதற்குத் தனியாகக் கட்டணமும் இல்லை.

வழியில் ஒரு விளையாட்டுக் காடு

மதிய வெயில் தாழும் வரை ஜூரோங் ஏரித் தோட்டத்தில் இருக்கலாம் என்று லேக்சைட் நிலையத்தில் இறங்கினோம். ஏரியின் மேற்குக் கரையில் உள்ள தோட்டம் 2019ல் திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் கிடையாது. சதுப்புநிலக் காட்டில் வாழும் தவளை, பாம்பு, நீர்நாய் போன்ற விலங்குகளை மனத்தில் வைத்து அமைத்த 'ஃபாரஸ்ட் ராம்பிள்' என்ற விளையாட்டுப் பகுதி இங்கே இருக்கிறது. ஏறலாம், தொங்கலாம், சறுக்கலாம். பக்கத்திலேயே 'குளுசியா கோவ்' என்ற நீர் விளையாட்டுப் பகுதி. மாற்றுத் துணியும் துண்டும் எடுத்துப் போனால் போதும்.

இது மட்டும்கூட ஒரு முழு நாளுக்குத் தாங்கும். நாங்கள் நான்கரை மணிக்குப் பிள்ளைகளைக் கெஞ்சிக் கிளப்பிக்கொண்டு மறுபடி ரயில் ஏறினோம்.

நீலக் கூரை

ஜூ கூன் வரைதான் முன்பு இந்த ரயில் போகும். 2017 ஜூன் 18ஆம் தேதி குல் சர்க்கிள், துவாஸ் கிரசென்ட், துவாஸ் வெஸ்ட் ரோடு, துவாஸ் லிங்க் என்ற நான்கு நிலையங்கள் சேர்ந்தன. அதுவரை துவாஸில் வேலை செய்தவர்கள் ரயிலை விட்டிறங்கி இன்னொரு பேருந்துக்குக் காத்து நிற்க வேண்டியிருந்தது.

ஜூ கூன் தாண்டியதும் காட்சி மாறிவிடுகிறது. வீடுகள் மறைந்து தகரக் கூரைகள், எண்ணெய்த் தொட்டிகள், பாரந்தூக்கிகள், அடுக்கி வைத்த குழாய்கள் என்று வரிசையாக வரும். சில இடங்களில் ரயில் பாலத்துக்கு அடியில் ஒரு சாலைப் பாலம், அதற்கும் அடியில் தரைச் சாலை. லாரி, கார், ரயில் மூன்றும் மூன்று மாடிகளில் ஓடுவதைக் கண்டு மகன் சன்னலை விட்டு நகரவில்லை.

என் கணவர் அவனைத் தூக்கிப் பிடித்து, "அந்தா பாரு, நீலக் கூரை. பக்கத்துல மஞ்சள் கிரேன். அதுதான் அப்பா வேலை செய்யுற இடம்" என்று காட்டினார். பத்து விநாடிக்கு மேல் இருக்காது. கூரை பின்னால் போய்விட்டது.

"அந்த கிரேனை நீங்கதான் ஓட்டுவீங்களா?"

"இல்லப்பா, அதை ஓட்ட வேற மாமா இருக்காரு. அது தூக்குற இரும்பு சரியா இருக்கான்னு நான் பார்ப்பேன்."

"சரியா இல்லன்னா?"

"மறுபடியும் செய்யணும்."

இரண்டு நிலையங்கள் தாண்டும் வரை கேள்விகள் நிற்கவில்லை. அவர்கள் இருவரும் இப்படி வேலையைப் பற்றிப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மீன்பிடி ஊர், துறைமுக ஊர்

துவாஸ் என்ற பெயர் மீன்பிடித் தொழிலிலிருந்து வந்தது. மலாய் மீனவர்கள் இலை அடர்ந்த பெரிய கிளைகளைக் கரையோரக் கடலில் போடுவார்களாம். வெயிலுக்கு ஒதுங்கி மீன்கள் அந்த நிழலில் கூடியதும் வலை வீசி இழுப்பார்கள். அந்த முறைக்கு 'மெனுவாஸ்' என்று பெயர். கிராமம் போய், கடலைத் தூர்த்து நிலமாக்கி, அதன் மேல் தொழிற்பேட்டைகள் வந்தன.

இப்போது துவாஸின் தென்கோடியில் பெருந்துறைமுகம் வளர்ந்துகொண்டிருக்கிறது. 2022 செப்டம்பர் 1ஆம் தேதி அது அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. முதல் கட்டத்துக்கு மட்டும் பத்து மாடிக் கட்டட உயரமுள்ள 221 கான்கிரீட் பெட்டிகளைக் கடலுக்குள் வரிசையாக இறக்கியிருக்கிறார்கள். 2040களில் வேலை முழுவதும் முடியும்போது ஆண்டுக்கு 6.5 கோடி கொள்கலன்களைக் கையாளுமாம். அங்கே கொள்கலன்களைச் சுமந்து ஓடும் வண்டிகளில் ஓட்டுநர் கிடையாது. நினைத்த நேரத்தில் நுழைந்து பார்க்க முடியாத இடம் அது. ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை. ஓட்டுநர் இல்லாத லாரி என்றதும் மகள், "அப்ப அது தூங்கிடாதா?" என்று கேட்டாள்.

கலங்கரை விளக்கின் அடியில்

துவாஸ் லிங்க் நிலையத்திலிருந்து ராஃபிள்ஸ் மரீனா பெரியவர்களுக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை; சின்னக் கால்களுக்கு அதைப்போல இரண்டு மடங்கு. அது உறுப்பினர்களுக்கான படகு மன்றம். ஆனால் அதன் கடலோரத்தில் நிற்கும் கலங்கரை விளக்கத்தின் அடி வரை பொதுமக்களும் போகலாம். ஜொகூர் நீரிணைக் கலங்கரை விளக்கம் என்று பெயர். 1994ல் அமைத்தது, உயரம் சுமார் 12 மீட்டர். ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம் என்பது வேறு. அது தெற்கே சத்துமு தீவில் 1855 முதல் நிற்கிறது.

எதிரே இரண்டாம் இணைப்புப் பாலம் கடலின் குறுக்கே நீண்டு கிடக்கிறது. 1998ல் திறந்த இந்தப் பாலத்தின் நீளம் 1,920 மீட்டர். லாரிகள் எறும்பு வரிசைபோல் அதில் ஊர்ந்தன. அக்கரையில் ஃபாரஸ்ட் சிட்டியின் உயர்ந்த கட்டடங்கள். "அது மலேசியா" என்றதும், இவ்வளவு கிட்டேயா என்று மகனுக்கு நம்பிக்கையே வரவில்லை.

என் கணவரோடு வேலை செய்யும் வெல்டர் ஒருவரையும் அன்று வரச் சொல்லியிருந்தோம். அறந்தாங்கிப் பக்கம் ஊர். துவாஸில் ஒரு தங்கும் விடுதியில் இருக்கிறார். பிள்ளைகளுக்கு மிக்சர் பொட்டலத்தோடு வந்தார்.

"நாலு வருஷமா இங்கதான் இருக்கேன் அண்ணி. கடலைப் பார்க்கன்னு ஒரு நாளும் வந்ததில்ல. ஞாயித்துக்கிழமைன்னா தேக்காவுக்குப் போவோம், இல்லன்னா தூங்குவோம்" என்றார்.

சூரியன் இறங்கும் நேரத்தில் அவர் ஊருக்கு வீடியோ அழைப்புப் போட்டார். மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். "ஏன்ப்பா அங்க இருட்டப் போகுது? இங்க வெயில் அடிக்குதே" என்றாள். இங்கே ஏழு மணி என்றால் அங்கே நாலரை. என் மகன் கைப்பேசியை வாங்கிக்கொண்டு பாலத்தையும் படகுகளையும் விளக்கையும் ஒவ்வொன்றாகக் காட்டினான். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அந்தச் சிறுமி கேட்டாள்: "எங்க அப்பா வேலை செய்யுற எடம் எது?"

அவன் யோசிக்கவே இல்லை. "அது நீலக் கூரை. இங்கேருந்து தெரியாது. ட்ரெயின்ல போனா தெரியும்" என்றான்.

வேலை அனுமதிச் சீட்டில் வருகிறவர்கள் குடும்பத்தை இங்கே அழைத்து வந்து வைத்துக்கொள்ள முடியாது. பெரியவர்களுக்கு இது தெரிந்த விதி. என் மகன் மட்டும், "அவங்க எப்ப ட்ரெயின்ல வருவாங்க?" என்று அவரிடமே கேட்டான். "படிச்சுப் பெரியவளானதும் வருவாப்பா" என்றார் அவர்.

திரும்பும்போது அவரும் எங்களோடு ரயில் ஏறினார். அவர் விடுதிக்குப் போக ரயில் தேவையே இல்லை. சன்னலோரம் நின்று கைப்பேசியைத் தயாராகப் பிடித்துக்கொண்டார். இருட்டிவிட்டிருந்தாலும் பட்டறை வளாகத்தில் விளக்குகள் எரிந்தன. மகன், "மாமா, இப்ப வரும், இப்ப வரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பத்து விநாடிப் படம் கிடைத்தது. அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர் ரயிலுக்கு நடந்தார். நடக்கும்போதே அதை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

போகிறவர்களுக்கு

நேரம்: சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் மாலை ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் மறையும். ஆறு மணிக்குத் துவாஸ் லிங்கில் இறங்கினால் அவசரமில்லாமல் நடக்கலாம்.

கட்டணம்: 0.9 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைகள் பெரியவர்களோடு ரயிலில் இலவசமாகப் போகலாம். அதைவிட உயரமான, ஏழு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குச் சலுகை அட்டை வாங்கிக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் இலவசம்தான்.

சாப்பாடு: லிட்டில் இந்தியாபோல் கடைகள் வரிசையாக இருக்காது. தண்ணீரும் தின்பண்டமும் கையில் இருக்கட்டும். ரயிலுக்குள் சாப்பிடக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

நடை: லாரிகள் போகும் சாலை. நடைபாதையை விட்டு இறங்க வேண்டாம். நிலையத்தில் மின்தூக்கி இருப்பதால் தள்ளுவண்டி கொண்டு போகலாம். கடலோரத்தில் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். படகுகள் கட்டியிருக்கும் மிதவை மேடைகள் உறுப்பினர்களுக்கு உரியவை.

கைப்பேசி: எல்லையோரம் என்பதால் மலேசிய அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளலாம். ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

இன்னொன்று: உங்கள் வீட்டில் யாராவது துவாஸிலோ ஜூரோங்கிலோ வேலை செய்தால், அந்த இடம் ரயிலிலிருந்து எந்தப் பக்கம் தெரியும் என்று முன்பே கேட்டுவைத்து, அந்தப் பக்கச் சன்னலில் பிள்ளைகளை நிறுத்துங்கள்.