முதியோரின் உணவு வேளை: கிண்டி முதல் தாம்பரம் வரை

1931-ஆம் ஆண்டில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பல்லாவரமும் குரோம்பேட்டையும் அந்த இருப்புப்பாதையைப் பற்றிக்கொண்டே வளர்ந்தன. கடன் பெற்று இங்கு மனை வாங்கி, கிணறு தோண்டி, வீடு கட்டியவர்களுள் பலர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். அண்மையில் நாம் கிண்டியிலிருந்து தாம்பரம் வரை மேற்கொண்ட சிறு பயணம் அவர்களைக் காண்பதற்காகவே. அதிலும் அவர்கள் உணவருந்தும் வேளையைக் காண்பதற்காக.

கிண்டியில், கிங் ஆய்வு நிலைய வளாகத்தில், 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரி 25 அன்று திறந்துவைக்கப்பட்டது. முதியோர்க்கெனத் தனி மருத்துவம் என்பது சென்னைக்குப் புதிதன்று. 1978-இலேயே அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் அதற்கு வித்திட்டார். ஆயினும் எத்துணைப் பெரிய மருத்துவமனையும் நாள்தோறும் மூன்று வேளை நம் இல்லத்துக்கு வந்து ஊட்டிவிட இயலாது அன்றோ?

குரோம்பேட்டையில் நாம் சென்ற இல்லத்தில் பாட்டியார் ஒருவர் மூன்று மாதமாகச் சோற்றை ஒதுக்கி வந்தார். மருமகளின் சமையல் பிடிக்கவில்லை என்று உறவினர் முடிவுகட்டினர். மகன் அதட்டினார்; மருமகள் அடுப்படியில் கண்ணீர் வடித்தார். உண்மையில் ஈறு சுருங்கியதால் பொய்ப்பல் தளர்ந்து, உரசி உரசிப் புண்ணாகியிருந்தது. பல் மருத்துவர் வாயைத் திறந்து பார்த்த பின்னரே அவ்வீட்டில் அமைதி திரும்பிற்று.

முதியவர் உணவை மறுத்தால், பிடிவாதம் என்று சொல்லுமுன் வாயைப் பாருங்கள். மாத்திரைகள் பல நாவை வறளச் செய்யும். முதுமையில் மணமும் சுவையும் மங்கும். பக்கவாதம், நடுக்குவாதம், மறதிநோய் கண்டவர்களுக்கோ விழுங்கும் ஆற்றலே குன்றியிருக்கலாம். உண்கையில் இருமல், உண்டபின் நீர் கோத்தாற்போன்ற குரல், கன்னத்தில் ஒதுங்கும் கவளம், அடிக்கடி காய்ச்சல் ஆகியவை உணவு மூச்சுக்குழலில் இறங்குவதன் அறிகுறிகளாகலாம். அது நுரையீரல் அழற்சியாகி உயிருக்கே உலை வைக்கும்.

நோயுற்றவர்க்கு ரசஞ்சோறு என்பது நம் இல்லங்களில் வேதவாக்கு. ஆனால் விழுங்க இடர்ப்படுவோர்க்கு அதுவே கடினமான உணவு: நீர் முந்தி ஓடும், பருக்கை பின்தங்கும். வெறுந்தண்ணீரும் சிலர்க்கு ஆபத்தே. ஒரே பதமாக மசித்த பருப்புச்சோறு, குழைத்த தயிர்ச்சோறு, கெட்டியான கேழ்வரகுக் கூழ் ஆகியவை எளிதில் இறங்கும். யாருக்கு எந்தப் பதம் என்பதை, விழுங்கும் பயிற்சியும் அளிக்கும் பேச்சுப் பயிற்சியாளர் சோதித்துச் சொல்வார். படுத்தவாறு ஊட்டுதல் கூடவே கூடாது. நிமிர்ந்து அமரச்செய்து, தொலைக்காட்சியை நிறுத்தி, ஒரு வாய் இறங்கிய பின்னரே அடுத்த வாய் தருக. உண்டபின் வாயைத் தூய்மை செய்து, அரைமணி நேரமேனும் அமர்ந்திருக்க விடுக.

அடுத்த நிலையம் தாம்பரம் சானடோரியம். 1928-இல் டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோயாளர்க்கென நிலையம் தொடங்கியபோது அந்நோயை ஒழிக்கும் மருந்து கண்டறியப்படவில்லை. தூய காற்றும் ஓய்வும் ஊட்டமான உணவுமே சிகிச்சை. 1937-இல் அரசு அதனை ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. உணவையே மருந்தாகக் கருதிய ஊரில், வயதானால் இளைக்கத்தான் செய்யும் என்று பலர் கூறக் கேட்டது நமக்கு வியப்பளித்தது. 60 கிலோ எடையுள்ள முதியவர், தாமாக முயலாமலே ஆறு மாதத்தில் 3 கிலோ இழந்தால் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

தாம்பரத்தில், பக்கவாதத்தால் படுக்கையிலிருக்கும் முதியவர் ஒருவர் முதல் வெள்ளிகளில் வரும் நற்கருணையையும் மறுத்து வந்தார். பக்தி குறைந்ததோ என்று பிள்ளைகள் வருந்தினர். அப்பம் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சமே காரணம். அறிந்த பங்குத்தந்தை அப்பத்தின் சிறு துணுக்கை மட்டும் அளித்தார். துணுக்கிலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார் அல்லவா? அதுவும் இயலாதவர் திராட்சை இரசத்தின் வடிவில் மட்டும் பெறவும் திருச்சபை இசைகிறது.

நாம் விடைபெற்றபோது நண்பகல் கடந்திருந்தது. மகள் தந்தையின் முதுகுக்கு இரு தலையணைகளை அண்டைகொடுத்துவிட்டு, அவரெதிரே முக்காலியை இழுத்துப்போட்டு, சிறு கரண்டியுடன் அமர்ந்தார்.