மாத்திரைக் காசில் எழுந்த இசைநூல்

தமிழிசையின் வேரைத் தேடிப் போகிறவர்கள் என்றாவது ஒருநாள் ‘கருணாமிர்த சாகர’த்தின் முன் வந்து நின்றாக வேண்டும். 1917இல் தஞ்சாவூரில் வெளியான நூல். ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். எழுதியவர் ராவ் சாகிப் மு. ஆபிரகாம் பண்டிதர். அதைப் படிக்கத் தொடங்கியபோது சுருதிக் கணக்குகளுக்கு முன்பாக வேறொரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? வித்துவான்களைக் காத்த மராட்டிய அரசு 1855இலேயே முடிந்துவிட்டது. தஞ்சையில் பல்கலைக்கழகம் வர 1981 ஆகவேண்டியிருந்தது. கல்யாணக் கச்சேரிக்கு அள்ளிக்கொடுத்த மிராசுதார்கள் இசை ஆராய்ச்சிக்கும் அப்படிக் கொடுப்பார்களா?

விடை நூலின் முகப்பிலேயே இருந்தது: கருணாநிதி வைத்தியசாலை, லாலி எலக்ட்ரிக் அச்சகம். இரண்டும் பண்டிதருடையவை. (லாலி என்பது 1906 முதல் 1911 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் லாலியின் பெயர்.) மருந்து விற்ற கையே அச்சும் கோத்திருக்கிறது. அதன்பின் என் தேடல் நூலைவிட்டு வைத்தியசாலையின் பக்கம் திரும்பியது.

பண்டிதர் காவிரி டெல்டாக்காரர் அல்லர். 1859இல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்றார். புகைப்படக் கலையையும் அச்சுத் தொழிலையும் இளவயதிலேயே கற்றுக்கொண்டார். மூலிகை தேடிச் சுருளிமலைக்குப் போனவர், அங்கே கருணானந்தர் என்ற துறவியைக் கண்டு அவரிடம் மருத்துவம் கற்றார். பிறகு தஞ்சைக்கு வந்து ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். 1890இல் அந்த வேலையை விட்டுவிட்டு முழுநேர வைத்தியரானார்.

வைத்தியசாலை கருணாநிதி, மூலிகை வளர்த்த தோட்டம் கருணானந்தபுரம், நூல் கருணாமிர்த சாகரம். தான் தொட்ட பலவற்றுக்கும் மலையில் பாடம் சொன்ன ஆசானின் பெயரையே தொடர்ந்து வைத்திருக்கிறார். அவர் கிறிஸ்தவர், ஆசானோ ஒரு சித்த மரபுத் துறவி. அந்த நன்றிக்கு மதம் குறுக்கே நிற்கவில்லை. சொல்லிக்கொடுத்தவருக்கு இப்படிக் கடன்பட்டு வாழ்ந்த ஒருவர், தன்னிடம் வந்தவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பார் என்பதை ஊகிப்பது கடினமில்லை.

கருணானந்தபுரத்தை ஊரார் பண்டிதர் தோட்டம் என்றார்கள். கண்ணுக்கெட்டியவரை நெல்லே விளைகிற காவிரிச் சீமையில் அங்கே மருந்துச் செடிகள் வளர்ந்தன, கரும்பில் சோதனைகள் நடந்தன. விவசாயக் கண்காட்சிகளில் அந்த விளைச்சல் பரிசு வாங்கியது. மாத்திரைகள் கடல் கடந்தும் விற்றன. அந்தக் காசு இசைக்குப் போயிற்று.

1912இல் அவர் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். 1916 வரை மாநாடுகள் பல நடத்தினார். செலவு அவருடையது. அங்கே நடந்ததைக் கச்சேரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதை ஆய்வுக்கூடம் என்றே சொல்வேன். ஒரு ஸ்தாயியில் சுருதிகள் எத்தனை என்ற கேள்வியை வித்துவான்களுக்கு நடுவில் வைத்தார். பழைய வடமொழி இசைநூலாசிரியர்களான பரதரையும் சாரங்கதேவரையும் பின்பற்றியவர்கள் 22 என்றார்கள். பண்டிதர் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் விரித்துவைத்து 24 என்றார். ஆயப்பாலையில் 12, வட்டப்பாலையில் 24, திரிகோணப்பாலையில் 48, சதுரப்பாலையில் 96 என்று பழந்தமிழ் இசையின் நான்கு பாலைகளையும் ஒரே ஒழுங்கில் இரட்டித்துக்கொண்டே போகும் பகுப்பாகக் கண்டார். மேல் ஸட்ஜத்தின் அதிர்வு கீழ் ஸட்ஜத்தைப் போல இரண்டு மடங்கு. அந்த இடைவெளியைச் சம விகிதத்தில் 24ஆகப் பகுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. குன்றிமணி எடையில் மருந்து நிறுக்கிறவரின் பிடிவாதம் அதில் தெரிகிறது.

1916இல் பரோடாவில் அகில இந்திய சங்கீத மாநாடு கூடியது. முன்னின்று நடத்தியவர் இசையறிஞர் பாத்கண்டே. அங்கும் பண்டிதர் போனார். வாயால் வாதிட்டதோடு நிறுத்தவில்லை. தன் வீட்டுப் பெண்களையும் அழைத்துப்போய், வீணையிலும் பாட்டிலும் சபைக்குக் காட்டவைத்தார். பெண்கள் மேடையேறுவதே ஏச்சுக்கு இடமாக இருந்த காலம். அந்தப் பெண்களுக்குச் சுருதிக் கணக்கு முழுவதையும் கற்றுக்கொடுத்து, நாட்டின் பெரிய வித்துவான்கள் முன்னால் நிறுத்தியிருக்கிறார். அவர் ஆசானாக இருந்ததற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்கு வேண்டாம்.

24 என்ற முடிவைப் பிற்காலத்தார் எல்லோரும் ஏற்கவில்லை. விபுலானந்த அடிகள் ‘யாழ் நூ’லில் 22 என்றே கொண்டார். அந்த நூலும் டெல்டாவில்தான் அரங்கேறியது, திருக்கொள்ளம்பூதூரில், 1947இல். வெளியிட்டது கரந்தைத் தமிழ்ச் சங்கம். பண்டிதரின் மகன் வரகுண பாண்டியனும் யாழைப் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதினார். பண்டிதர் 1919இல் காலமானார். சாகரத்தின் இரண்டாம் பாகம் 1946இல்தான் அச்சேறியது. அவர் சொன்ன எண் சரியா என்பதைவிட, சிலப்பதிகாரத்தை இசைக்கணக்கின் சான்றாக எடுத்துப் பேசும் வழக்கத்தை அவர் நிலைநிறுத்தியதே பெரிது என்று நான் நினைக்கிறேன். அவரை மறுத்தவர்களும் அந்த வழியில்தான் நடந்தார்கள்.

இன்று தஞ்சையில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. இசைக்காரர்கள் அவரை இசை அறிஞர் என்கிறார்கள், வைத்தியர்கள் வைத்தியர் என்கிறார்கள். நூலை ஆராய்ந்தவர்கள் உண்டு. அந்த நூலுக்குச் சோறு போட்ட கடையை ஆராய்ந்தவர்கள் குறைவு. தஞ்சைப் பக்கத்துப் பழைய வீடுகளின் பரண்களில் கருணாநிதி வைத்தியசாலையின் விலைப்பட்டியலோ, மருந்துச் சீட்டோ, மாத்திரைப் புட்டியோ கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சரசுவதி மகால் நூலகமும் தமிழ்ப் பல்கலைக்கழகமும் தஞ்சையிலேயே இருக்கின்றன. அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.