கண்டக்டரிடம் மீதிக் காசு கேட்க முடியாதவர்கள்

பெரம்பலூரில் பஸ் ஏறினால் மக்காச்சோளமும் பருத்தியும் கூடவே வருகின்றன. அரியலூர் நெருங்க நெருங்கச் சுண்ணாம்புக்கல் லாரிகள். நான் தேடிப் போனது 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை. சமூகப் பதற்ற நோய் பற்றிய ஆய்வுகளில் நம் பக்கத்து மக்கள் சேர என்ன வழி என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மனநலப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் ஒரு பாலிடெக்னிக் மாணவர். அவரிடம் கேட்டதற்கெல்லாம் அம்மாதான் பதில் சொன்னார். "வைவா அன்னிக்கு மட்டும் வயித்துவலின்னு படுத்துக்குவான் சார். கண்டக்டர்கிட்ட மீதிக் காசுகூடக் கேக்க மாட்டான்." பையன் தரையைப் பார்த்தபடியே இருந்தார். வெறும் கூச்சம் என்று வீட்டில் விட்டுவிட்டதில் சில வருடங்கள் போயிருந்தன.

உள்ளே மருத்துவர் ஒரு வினாத்தாளைக் காட்டினார். 1987-இல் வந்த லீபோவிட்ஸ் அளவுகோல். 24 சூழல்கள், ஒவ்வொன்றுக்கும் பயம் எவ்வளவு, ஒதுங்கிப்போவது எவ்வளவு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண். உச்சம் 144. உலகெங்கும் ஆய்வாளர்கள் பலர் இதை வைத்துச் சிகிச்சையின் பலனை அளக்கிறார்கள். விருந்து கொடுப்பது, வாங்கிய பொருளைக் கடையில் திருப்பிக் கொடுப்பது எல்லாம் அதில் உண்டு. கல்யாணப் பந்தி இல்லை. பெண் பார்க்க வரும் நாள் இல்லை. கிராம சபையில் எழுந்து நிற்பது இல்லை. நம் ஊர்ப் பயம் கணக்கில் ஏற வேண்டுமானால் நம் ஊர்க்காரர்கள் ஆய்வுக்குள் வந்தாக வேண்டும். ஆனால் முன்பின் தெரியாதவர் எதிரே உட்கார்ந்து பேசப் பயப்படுவதுதானே இவர்களுடைய நோயே! அழைப்பு விடுத்துவிட்டுக் காத்திருந்தால் யார் வருவார்கள்? கிராம செவிலியர் கூட வந்து கைப்பிடித்து அழைத்துவர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சேர்பவருக்கு உள்ள பாதுகாப்பையும் மருத்துவர் விளக்கினார். நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த பிறகே ஆய்வு தொடங்கும். என்ன செய்யப்போகிறார்கள், என்ன ஆபத்து என்பதைப் புரியும் மொழியில் சொல்லிய பிறகே கையெழுத்து. படிக்கத் தெரியாதவருக்குச் சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். எந்த நாளிலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. ஆய்வு மருந்தால் பாதிப்பு வந்தால் 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி இழப்பீடு உண்டு. 2007 முதல் இயங்கும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். யார் அழைத்தாலும் அந்த ஆய்வின் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

இந்த நோய்க்குப் பலனுள்ள சிகிச்சை இருக்கிறது. செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் உதவுகின்றன. பயப்படும் இடத்துக்குச் சிறிது சிறிதாகப் போய்ப் பழகும் பேச்சு சிகிச்சையும் உதவுகிறது. டீக்கடையில் சில்லறை கேட்பதில் இருந்துகூடத் தொடங்கலாம்.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் அதட்டாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.