கேட்கும் செவி

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் அந்தமானின் தொலைபேசிகள் மௌனித்தபோது, பாரதி பிரசாத் போர்ட் பிளேரிலிருந்து ஹாம் வானொலி வழியே செய்திகளைச் சேர்ப்பித்தார். அதன் தூண்டுதலால் மீஞ்சூர் நண்பரொருவர், பழவேற்காட்டுக் குப்பங்களின் குரலை ஏற்று மறுபடி ஒலிபரப்பும் ரிப்பீட்டர் ஒன்றை அமைக்க முனைந்தார்.

காரில் பொருத்தும் வானொலிகள் இரண்டு. ஒன்று கேட்கும், மற்றொன்று அக்கணமே ஓங்கிச் சொல்லும். 2 மீட்டர் அலைவரிசையில் இரண்டுக்குமான வழக்கமான இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ்தான். சொல்லும் கருவியின் இரைச்சல் கேட்கும் கருவியைச் செவிடாக்கியது. ஏரிக்கரையிலிருந்து வந்த மெல்லிய குரல் பாதியில் அறுந்தது. திறனைக் கூட்டினால் செவிட்டுத்தன்மையே கூடும். தகுந்த கேவிட்டி வடிகட்டிகளும், ஆன்டெனாக்களிடையே தொலைவும் வேண்டும்.

வள்ளுவர் கல்வியோடு நில்லாமல் கேள்விக்கும் தனி அதிகாரம் வகுத்தார். பேரிடர் நாளில் ஓங்கிச் சொல்லப் பலருண்டு. காக்கப்பட வேண்டியது கேட்கும் செவியே.